வி.எம்.சி. முன் தேங்கும் வேலைகள்: எந்த விதிப்படி வரிசைப்படுத்துவது?

கேள்வி: குறிச்சி_பட்டறை

அனைவருக்கும் வணக்கம். கோவை குறிச்சி சிட்கோ பகுதியில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. லேத் நான்கும், மில்லிங், துளையிடுதல் போன்றவற்றைச் செய்யும் வி.எம்.சி. (செங்குத்து மெஷினிங் சென்டர்) ஒன்றும், சிலிண்டிரிக்கல் கிரைண்டிங் இயந்திரம் ஒன்றும் இருக்கின்றன. பம்ப் தயாரிப்பவர்கள், நெசவு இயந்திர உதிரிபாகம் செய்பவர்கள், கியர் பாக்ஸ் கட்டுபவர்கள் ஆகியோரிடமிருந்து வேலை வருகிறது. லேத்துகளில் வேலை பெரிதாகத் தேங்குவதில்லை. வி.எம்.சி. முன்தான் எப்போதும் ட்ரேக்கள் அடுக்கி நிற்கின்றன.

இதுவரை வந்த வரிசைப்படியே வேலையை ஏற்றி வந்தோம். ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து அவசரம் என்று சொன்னால், சூப்பர்வைசர் பாதியில் நிற்கும் லாட்டை (ஒரே வகைப் பீஸ்களின் தொகுதியை) இறக்கிவிட்டு அவருடைய வேலையை ஏற்றிவிடுகிறார். பீஸைப் பிடித்து நிறுத்தும் பிக்சரைக் கழற்றி, வேறொன்றை மாட்டி, டயல் வைத்து நேர் பார்த்து, முதல் பீஸை எடுத்துச் சோதித்து முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. இறக்கிய லாட்டை மீண்டும் ஏற்றும்போது அதே இரண்டு மணி நேரம் இன்னொரு முறை போகிறது.

வேலைகளை வரிசைப்படுத்தச் சிறிய வேலை முதலில், கெடு நெருங்கிய வேலை முதலில், கிரிட்டிக்கல் ரேஷியோ என்று பல விதிகள் இருப்பதாகப் படித்தேன். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் சிறந்தது என்கிறார். இன்று காலை வி.எம்.சி. முன் நிற்கும் ஐந்து வேலைகளை வந்த வரிசைப்படியே கீழே தருகிறேன். முதல் எண் செட்டிங்கையும் (மேலே சொன்ன பிக்சர் மாற்றி நேர் பார்க்கும் வேலையை) சேர்த்து வேலைக்குத் தேவைப்படும் மணி நேரம். இரண்டாவது எண் இன்று காலையிலிருந்து எண்ணினால் எத்தனையாவது இயந்திர மணிக்குள் முடிய வேண்டும் என்னும் கெடு.

பெரிய பிராக்கெட்: 12, கெடு 30
கியர் பாக்ஸ் மூடி: 5, கெடு 10
பம்ப் ஹவுசிங்: 18, கெடு 28
ஜிக் தட்டு: 3, கெடு 40
சிறிய பிராக்கெட்: 8, கெடு 18

எந்த விதியைப் பின்பற்றினால் நல்லது என்பதைக் காரணத்தோடு விளக்க வேண்டுகிறேன்.

பதில்: உற்பத்திப்_பாடம்

வணக்கம். பொறியியல் கல்லூரியில் உற்பத்தித் திட்டமிடல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன். தாங்கள் எண்களைத் தெளிவாகத் தந்திருப்பதால் நேரடியாகக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். எந்த வரிசையில் எடுத்தாலும் ஐந்தும் முடிய 46 மணி நேரம் ஆகும். செட்டிங் நேரம் வரிசையைப் பொறுத்து மாறாதவரை, ஒற்றை இயந்திரத்தில் எந்த விதியும் இந்த 46 மணியைக் குறைக்காது. அந்த 46 மணிக்குள் எந்த வேலை எப்போது வெளியே வருகிறது என்பது மட்டுமே மாறும். ஆகவே எதைக் குறைக்க விரும்புகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாமல் எந்த விதி சிறந்தது என்று கேட்டால் விடை கிடைக்காது என்பதே என் உறுதியான கருத்து.

வந்த வரிசைப்படி எடுத்தால் வேலைகள் முறையே 12, 17, 35, 38, 46 ஆகிய மணிகளில் முடிகின்றன. ஒரு வேலை பட்டறையில் தங்கும் சராசரி நேரம் 29.6 மணி. மூடி 7 மணியும், ஹவுசிங் 7 மணியும், சிறிய பிராக்கெட் 28 மணியும் தாமதமாகின்றன. மூன்று வேலைகள் கெடு தவறுகின்றன. மொத்தத் தாமதம் 42 மணி.

சிறிய வேலை முதலில் என்னும் விதிப்படி ஜிக் தட்டு, மூடி, சிறிய பிராக்கெட், பெரிய பிராக்கெட், ஹவுசிங் என்று எடுத்தால் அவை 3, 8, 16, 28, 46 ஆகிய மணிகளில் முடியும். சராசரி 20.2 மணியாக இறங்கிவிடுகிறது. கெடு தவறுவது ஹவுசிங் ஒன்றுதான், ஆனால் அது 18 மணி தாமதமாகிறது.

கெடு நெருங்கியது முதலில் என்றால் மூடி, சிறிய பிராக்கெட், ஹவுசிங், பெரிய பிராக்கெட், ஜிக் தட்டு என்பது வரிசை. முடியும் நேரங்கள் 5, 13, 31, 43, 46, சராசரி 27.6 மணி. ஹவுசிங் 3 மணியும், பெரிய பிராக்கெட் 13 மணியும், ஜிக் தட்டு 6 மணியும் தாமதம். மொத்தம் 22 மணி. மூன்று பேருக்குக் கெடு தவறினாலும், மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவருக்கும் 13 மணிக்கு மேல் தாமதமில்லை.

கிரிட்டிக்கல் ரேஷியோ என்பது கெடுவுக்கு மீதமிருக்கும் நேரத்தை மீதமிருக்கும் வேலை நேரத்தால் வகுத்து, ஈவு குறைவாக உள்ளதை முதலில் எடுப்பது. இங்கே ஹவுசிங்கின் ஈவு 28-ஐ 18-ஆல் வகுக்க ஏறக்குறைய 1.56 என்று வருவதால் அது முதலில் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு வேலையும் முடிந்தபின் ஈவுகளைப் புதிதாகக் கணக்கிட்டாலும் அடுத்து மூடி, சிறிய பிராக்கெட், பெரிய பிராக்கெட், ஜிக் தட்டு என்ற வரிசையே கிடைக்கிறது. விளைவு: ஹவுசிங் தவிர நான்கும் கெடு தவறுகின்றன, மொத்தத் தாமதம் 45 மணி, சராசரி 32.2 மணி. வந்த வரிசையைவிடவும் மோசம். பல இயந்திரங்களைக் கடந்து செல்ல வேண்டிய வேலைகளில், எது பின்தங்கியிருக்கிறது என்று தினமும் பார்ப்பதற்கு இந்த ஈவு மிகவும் பயன்படும் என்பதால் இதை ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் சுமை மிகுந்த ஒற்றை இயந்திரத்தில் இதை மட்டுமே நம்பி வரிசைப்படுத்தினால், நீண்ட வேலை ஒன்று எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடும்.

சிறிய வேலை முதலில் என்பது ஏன் சராசரியைக் குறைக்கிறது என்பதற்கான நிரூபணம் எளியது, அழகானதும்கூட. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் 12 மணி வேலை, அடுத்து 5 மணி வேலை. இவற்றை இடம் மாற்றினால் 12 மணி வேலை 5 மணி தாமதமாக முடியும். 5 மணி வேலையோ 12 மணி முன்னதாக முடியும். முன்னும் பின்னும் உள்ள மற்ற வேலைகளுக்கு எந்த மாற்றமும் இல்லை. நிகர லாபம் 7 மணி. பெரியது சிறியதற்கு முன்னால் நிற்கும் இடமெல்லாம் இப்படி மாற்றிக்கொண்டே போனால், இனி மாற்ற இடமில்லை என்ற நிலையில் கிடைப்பது சிறியது முதல் பெரியது வரையான வரிசைதான்.

கெடு வரிசைக்கும் இதே போன்ற நிரூபணம் உண்டு. ஒற்றை இயந்திரத்தில் மிகப் பெரிய தாமதத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது கெடு வரிசையே என்பதை 1955-இல் ஜே. ஆர். ஜாக்சன் காட்டினார். ஆகவே மேலே கண்ட 13 மணியை வேறு எந்த வரிசையாலும் குறைக்க முடியாது.

கெடு தவறும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே நோக்கமென்றால் அதற்குத் தனி முறை இருக்கிறது. 1968-இல் ஜே. எம். மூர் வெளியிட்டதும், பின்னர் ஹாட்ஜ்சன் பெயரும் சேர்த்துச் சொல்லப்படுவதுமான அந்த முறையில், வேலைகளைக் கெடு வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். எங்கே கெடு தவறுகிறதோ அங்கே நின்று, அதுவரை சேர்த்தவற்றுள் மிக நீண்ட வேலையை எடுத்து வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட வேண்டும். தங்கள் பட்டியலில் மூடி 5-இலும் சிறிய பிராக்கெட் 13-இலும் முடிகின்றன. ஹவுசிங்கைச் சேர்த்ததும் 31 ஆகி 28-ஐத் தாண்டுகிறது. மூன்றில் நீண்டது ஹவுசிங்கே என்பதால் அது கடைசிக்குப் போகிறது. பெரிய பிராக்கெட் 25, ஜிக் தட்டு 28, ஹவுசிங் 46. ஒன்றுதான் தாமதம், அதற்கும் கீழே குறைக்க இயலாது.

இந்தப் பட்டியலில் சிறிய வேலை முதலில் என்ற விதிக்கும் இதே ஒரு தாமதம்தான் வந்தது. அது இந்த எண்களின் தற்செயல். மூடிக்குக் கெடு 10-க்குப் பதில் 7 என்றிருந்தால், 40 மணி வரை அவகாசமுள்ள ஜிக் தட்டை முதலில் ஏற்றிய குற்றத்துக்காக மூடி கெடு தவறியிருக்கும். கெடுவையே பார்க்காத விதி அது என்பதை மறக்கக் கூடாது.

பதில்: ஓசூர்_பிளானிங்

உற்பத்திப்_பாடம் ஐயாவின் கணக்கை நான் முழுமையாக ஏற்கிறேன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில், தளத்தில் இந்த விதிகள் எங்கே இடறுகின்றன என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது செட்டிங். ஒவ்வொரு வேலைக்கும் செட்டிங் நேரம் நிலையானது என்று வைத்துத்தான் மேலே உள்ள கணக்கு அமைந்திருக்கிறது. உண்மையில் செட்டிங் நேரம் அதற்கு முன் இயந்திரத்தில் எது ஓடியது என்பதைப் பொறுத்தது. தங்கள் இரண்டு பிராக்கெட்டுகளும் ஒரே பிக்சரில் உட்காரக் கூடியவை என்றால், ஒன்றை அடுத்து மற்றொன்றை ஏற்றும்போது பிக்சர் மாற்றுவது, நேர் பார்ப்பது, டூல் மாற்றுவது எல்லாம் மிச்சமாகும். அந்த மிச்சம் 3 மணி என்று வைத்தால் 46 மணி 43 ஆகிவிடும். விதியை மாற்றுவதால் கிடைக்காத ஒன்று, சுமை மிகுந்த இயந்திரத்தின் நேரமே கூடுவது, இங்கே கிடைக்கிறது. எந்த விதியைத் தேர்ந்தெடுத்தாலும், ஒரே குடும்ப வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியுமா என்று கடைசியாக ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆனால் செட்டிங்கை மிச்சப்படுத்துவதற்காக அடுத்த மாதம் கொடுக்க வேண்டியதை இன்றே ஓட்டும் பழக்கத்துக்கும் இடம் கொடுக்க வேண்டாம்; இன்று கெடு உள்ளவரின் நேரத்தை அது தின்றுவிடும்.

இரண்டாவது, சிறிய வேலை முதலில் என்ற விதியை அப்படியே பின்பற்றினால் பெரிய வேலைகள் பட்டினி கிடக்கும். தங்களுக்கு வேலை நின்று விடுவதில்லை. நாளை இன்னும் மூன்று சிறிய வேலைகள் வரும், அவையும் ஹவுசிங்குக்கு முன்னால் நுழையும். நாளை மறுநாளும் அப்படியே. காகிதத்தில் சராசரி அருமையாக இருக்கும், ஹவுசிங் மட்டும் ட்ரேயிலேயே துருப்பிடிக்கும். ஆகவே ஒரு வரம்பு வைக்க வேண்டும்: ஒரு வேலை குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் காத்திருந்தால் அல்லது அதன் கெடுவுக்கான அவகாசம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், அது அளவைப் பார்க்காமல் முன்னுக்கு வர வேண்டும். இந்த வரம்போடு சேர்த்துப் பயன்படுத்தினால் தினசரி நடைமுறைக்கு இதைவிட எளிதான விதி இல்லை என்பது என் கருத்து.

மூன்றாவது, நேர மதிப்பீடுகள் சரியாக இருக்காது என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அது இங்கே பெரிய தடையே இல்லை. 3 மணி வேலை 4 மணி ஆகலாம், 18 மணி வேலை 15 மணியில் முடியலாம். எது சிறியது, எது பெரியது என்பது அதனால் மாறுவதில்லை. ஆனால் காஸ்டிங்கில் கடினப் புள்ளி வந்து இன்செர்ட் (வெட்டுமுனை) உடைந்தால் என்ன செய்வது, ரிஜெக்‌ஷன் வந்தால் மாற்றுப் பீஸ் எப்போது ஏற்றுவது என்பவற்றைக் கெடு வரிசையில் கவனிக்காவிட்டால், முன்னால் நிற்கும் ஒரு வேலையின் சிக்கல் பின்னால் உள்ள எல்லாக் கெடுக்களையும் சாய்த்துவிடும்.

நான்காவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சுமை குறைவாக இருக்கும்போது கெடு வரிசை மிக நன்றாக வேலை செய்யும். ஏறக்குறைய எல்லோருக்கும் நேரத்தில் கொடுத்துவிடலாம். சுமை இயந்திரத்தின் கொள்ளளவைத் தாண்டிவிட்டால் அதே விதி எல்லா வேலைகளையும் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாக்கிவிடும், ஏனெனில் ஏற்கெனவே காப்பாற்ற முடியாமல் போன வேலைக்கே அது முதலிடம் தந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட வாரங்களில் ஒன்றிரண்டு வேலைகளைத் தெரிந்தே பின்னுக்குத் தள்ளி, அந்த வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே புதிய தேதி சொல்லி, மற்றவற்றைக் காப்பாற்றுவதே மேல். ஆகையால் வாரத் தொடக்கத்தில் வி.எம்.சி.யின் மொத்தச் சுமையைக் கூட்டிப் பார்த்த பிறகே விதியைப் பற்றிப் பேச வேண்டும்.

இன்னும் ஒன்று. இந்த வரிசையெல்லாம் வி.எம்.சி.க்கு மட்டும்தான். வேலை தேங்காத லேத்துகளில் எந்த விதி வைத்தாலும் பெரிய வேறுபாடு இருக்காது, அங்கே வி.எம்.சி.க்கு அடுத்து எது தேவையோ அதை முதலில் ஓட்டினால் போதும். பட்டறையின் வேகத்தை நெருக்கடி இயந்திரமே தீர்மானிக்கிறது என்றும், அதன் தாளத்துக்கு ஏற்றபடியே மூலப்பொருளைத் தளத்துக்குள் விட வேண்டும் என்றும் மேலாண்மை நூலாசிரியர் எலியாகு கோல்ட்ராட் வலியுறுத்தியது இதைத்தான். லேத் சும்மா நிற்கிறதே என்று அடுத்த மாத ஷாஃப்ட்டை இன்று திருப்பி வைத்தால், இடமும் பணமும் அடைபடுவதைத் தவிர வேறு பயன் இல்லை.

பதில்: கணபதி_கிரைண்டர்

தங்களிடம் கிரைண்டிங் இயந்திரமும் இருப்பதால் ஒரு செய்தி. ஷாஃப்ட் போன்றவை முதலில் லேத், பிறகு கிரைண்டிங் என்று இரண்டு கட்டமாகப் போகும். அதற்கென ஒரு லேத்தை ஒதுக்கியிருந்தால், 1954-இல் எஸ். எம். ஜான்சன் தந்த விதி அப்படியே பொருந்தும். எல்லா லாட்டுகளின் இரண்டு நேரங்களையும் எழுதி, அவற்றில் மிகச் சிறிய எண்ணைத் தேட வேண்டும். அது முதல் இயந்திரத்தின் நேரமென்றால் அந்த லாட் வரிசையின் முன்பக்கம் போகும். இரண்டாவது இயந்திரத்தின் நேரமென்றால் பின்பக்கம் போகும். அதை அடித்துவிட்டு மீதமுள்ளவற்றில் மீண்டும் தேட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. நான்கு லாட் ஷாஃப்ட், லேத் நேரமும் கிரைண்டிங் நேரமும் முறையே: முதல் லாட் 4, 7, இரண்டாம் லாட் 6, 2, மூன்றாம் லாட் 3, 5, நான்காம் லாட் 8, 6. எண் வரிசையிலேயே எடுத்தால் கடைசி லாட் கிரைண்டிங்கிலிருந்து வெளிவர 27 மணி ஆகிறது. நடுவில் நான்காம் லாட் லேத்திலிருந்து வரும்வரை கிரைண்டர் 3 மணி சும்மா நிற்கிறது. ஜான்சன் விதிப்படி மூன்று, ஒன்று, நான்கு, இரண்டு என்று எடுத்தால் 23 மணியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. லேத்துக்கு மட்டும் 21 மணி வேலை இருக்கிறது, அதன் பிறகு எந்த லாட்டுக்கும் குறைந்தது 2 மணி கிரைண்டிங் இருக்கிறது. ஆகவே 23-க்குக் கீழே யாராலும் இறக்க முடியாது.

இந்த விதி மொத்தமாக எல்லாம் எப்போது முடியும் என்பதை மட்டுமே குறைக்கும். கெடுவை அது பார்க்காது. எல்லா லாட்டும் ஒரே வண்டியில் ஒரே வாடிக்கையாளருக்குப் போவதாக இருந்தால் இதுதான் சரி. ஹீட் ட்ரீட்மென்டுக்கு வெளியே அனுப்பும் லோடுக்கும் இதே யோசனை உதவும், அங்கே வண்டி புறப்படும் நேரம்தான் கெடு.

குறிச்சி_பட்டறை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு பிராக்கெட்டும் ஒரே பிக்சரில்தான் உட்காரும். அடுத்தடுத்து ஓட்டினால் இரண்டாவதற்கு 3 மணி மிச்சமாகும் என்று ஆபரேட்டரும் உறுதி சொல்கிறார். என் தயக்கம் ஹவுசிங்கைப் பற்றியது. சிறிய வேலை விதியும் மூர் முறையும் அதையே கடைசியில் தள்ளுகின்றன. ஆனால் எனக்கு மாதம் தவறாமல் வேலை தருபவரும், பணத்தைக் காலத்தில் கொடுப்பவரும் அந்த வாடிக்கையாளர்தான். அவரைக் கடைசியில் நிறுத்த மனம் வரவில்லை. வாடிக்கையாளரின் முக்கியத்துவத்தைக் கணக்கில் சேர்க்க வழி உண்டா? மேலும், கணினியில் ஒரு மென்பொருள் வாங்கிவிட்டால் மிகச் சிறந்த வரிசையை அதுவே தந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். அது உண்மையா?

பதில்: உற்பத்திப்_பாடம்

முக்கியத்துவத்தைச் சேர்க்கும் வழியை 1956-இல் டபிள்யூ. இ. ஸ்மித் தந்திருக்கிறார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எடை கொடுத்து, அந்த எடையை வேலை நேரத்தால் வகுத்து, ஈவு பெரிதாக உள்ளதை முதலில் எடுக்க வேண்டும். எடையோடு பெருக்கிக் கூட்டிய முடிவு நேரங்களை இது மிகக் குறைவாக்கும். ஹவுசிங்குக்கு 4, மற்றவற்றுக்கு 1 என்று எடை வைத்தால் ஜிக் தட்டு, ஹவுசிங், மூடி, சிறிய பிராக்கெட், பெரிய பிராக்கெட் என்று வரிசை வருகிறது. ஹவுசிங் 21-இல் முடிந்து கெடுவுக்குள் வந்துவிடும். ஆனால் மூடி 26, சிறிய பிராக்கெட் 34, பெரிய பிராக்கெட் 46 என்று மூன்றும் ஆளுக்கு 16 மணி தாமதமாகும். பிராக்கெட் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் 3 மணி மிச்சத்தைக் கழித்தாலும் கடைசியானது 13 மணி தாமதம்தான். கெடுவையே முதன்மையாக வைத்து யோசித்தாலும், ஹவுசிங்கை 28-க்குள் முழுமையாக முடிக்க வேண்டுமென்றால், செட்டிங் மிச்சத்தைக் கணக்கில் கொள்ளாத நிலையில், குறைந்தது இரண்டு வேலைகளாவது கெடு தவறியே தீரும். ஒருவருக்காக எத்தனை பேரைக் காக்க வைக்கிறோம் என்பதை இந்தக் கணக்கு கண்ணெதிரே காட்டுகிறது, முடிவு தங்களுடையது.

மென்பொருளைப் பற்றி. ஒற்றை இயந்திரத்திலேயே மொத்தத் தாமதத்தைக் குறைப்பது என்று நோக்கத்தைச் சற்று மாற்றிவிட்டால், எல்லா நிலைக்கும் பொருந்தும் வேகமான முறை கிடைக்காத கடினமான சிக்கல் வகையில் அது சேர்ந்துவிடுகிறது. டூ, லியூங் ஆகிய இருவர் இதை 1990-இல் நிறுவினார்கள். ஜான்சனின் எளிய விதியும் இரண்டு இயந்திரங்களோடு நின்றுவிடுகிறது. மூன்று இயந்திரங்கள் ஆனதும் சிக்கல் கடினமாகிவிடுகிறது என்று 1976-இலேயே காட்டப்பட்டது. வேலைக்கு வேலை இயந்திர வரிசை மாறும் பட்டறைகளைப் பற்றி இன்னும் வியப்பான வரலாறு உண்டு. ஃபிஷரும் தாம்சனும் 1963-இல் வெளியிட்ட, 10 வேலைகளும் 10 இயந்திரங்களும் கொண்ட ஒரு சோதனைக் கணக்குக்கு, 930 என்பதே மிகக் குறைந்த முடிவு நேரம் என்று கார்லியேயும் பின்சனும் 1989-இல்தான் நிரூபித்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்றைய கணினிகளும் முறைகளும் மிகவும் முன்னேறியிருக்கின்றன, நல்ல வரிசையை அவை விரைவாகத் தரும். பெரிய தொழிற்சாலைக்கு அது தேவையும்கூட. ஆனால் ஒரே ஒரு இயந்திரம் நெருக்கடியாக உள்ள தங்கள் பட்டறைக்கு, வெள்ளைப் பலகையும், சரியாக எழுதப்பட்ட வேலை நேரங்களும், மேலே உள்ள இரண்டு மூன்று விதிகளும் இப்போதைக்குப் போதும் என்பேன்.

பட்டறையில் தேங்கும் சரக்கைப் பற்றியும் ஒரு சொல். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய தொடர்பின்படி, உள்ளே நிற்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை என்பது வேலை வரும் வேகத்தைச் சராசரித் தங்கல் நேரத்தால் பெருக்கியது. தங்கள் பட்டியலிலேயே வந்த வரிசையில் சராசரியாக 3.2 வேலைகள் தேங்கி நிற்கின்றன; சிறிய வேலை வரிசையில் 2.2 மட்டுமே. ஆனால் இது வேலைகளின் எண்ணிக்கை மட்டுமே; வாடிக்கையாளரின் காஸ்டிங் தரையில் கிடக்கும் அளவும், பில் போடாமல் கிடக்கும் பணமும் எவ்வளவு குறையும் என்பது ஒவ்வொரு வேலையின் அளவையும் மதிப்பையும் பொறுத்தது.

பதில்: ஓசூர்_பிளானிங்

ஹவுசிங் முழு லாட்டும் 28-ஆம் மணியில் வேண்டுமா என்று அந்த வாடிக்கையாளரிடம் கேட்டீர்களா? பம்ப் அசெம்பிளி செய்பவர் ஒரே ஷிப்டில் எல்லாவற்றையும் பூட்டிவிடப் போவதில்லை. முதல் தவணையாக எத்தனை பீஸ் கொடுத்தால் அவருடைய வரிசை நிற்காது என்று கேளுங்கள். பார்ட் டெலிவரி எடுப்பார் என்றால் கணக்கே மாறிவிடும். ஆனால் அதற்காக செட்டிங்கை நடுவில் உடைக்க வேண்டாம். ஏற்றியதை இறக்காமல் ஓட்டி, முடிந்த பீஸ்களை மட்டும் முன்னதாக அனுப்புங்கள்.

போன் வந்தால் லாட்டை இறக்கும் வழக்கத்துக்கும் ஒரு எல்லை போடுங்கள். அன்றைய ஷிப்டுக்கான வரிசை தொடங்கும்போதே முடிவாகிவிட வேண்டும். அவசரம் என்று யார் சொன்னாலும் அடுத்த செட்டிங் மாறும் இடத்தில்தான் அது நுழையலாம். நுழைவதால் யாருடைய வேலை எத்தனை மணி தள்ளிப்போகிறது என்பதைச் சூப்பர்வைசர் பலகையில் எழுதிய பிறகே நுழையட்டும்.

குறிச்சி_பட்டறை

கேட்டுவிட்டேன். ஹவுசிங் லாட்டில் 64 பீஸ். செட்டிங் 2 மணி போக, ஒரு பீஸுக்கு 15 நிமிடம். 28-ஆம் மணியில் 16 பீஸ் கைக்கு வந்தால் அவர்கள் அசெம்பிளியைத் தொடங்கிவிடுவார்களாம், மீதியை அதற்கு அடுத்த வண்டியில் எடுத்துக்கொள்வார்களாம்.

அதன்படி மூடி 5, சிறிய பிராக்கெட் 13, அதே பிக்சரில் பெரிய பிராக்கெட் 22, பிறகு ஹவுசிங் என்று வரிசை போட்டிருக்கிறேன். 24-இல் செட்டிங் முடியும், 28-இல் 16 பீஸ் தயாராகும், 40-இல் முழு லாட்டும் முடியும். ஜிக் தட்டு 43-இல் முடிவதால் 3 மணி தாமதமாகிறது. அதன் உரிமையாளரிடம் இன்றே பேசிவிட்டேன். அடுத்த ஷிப்டில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஜிக் தட்டை முதலில் ஏற்றியிருந்தால் அவருக்குத் தாமதம் இராது, ஆனால் 28-ஆம் மணியில் ஹவுசிங் 4 பீஸ்தான் கிடைத்திருக்கும்.

இன்றிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் ட்ரேயில் தொங்கும் அட்டையிலேயே மதிப்பிட்ட நேரம், உண்மையில் எடுத்த நேரம், கெடு ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஷாஃப்ட் லாட்டுகளுக்கு ஜான்சன் விதியைத் தனியாகப் போட்டுப் பார்க்கிறேன். காத்திருப்பு வரம்பை எத்தனை நாளாக வைப்பது என்பதை அட்டைகள் ஓரளவு சேர்ந்த பிறகு, எண்களோடு இங்கேயே கேட்கிறேன்.